உருசிய உருட்டு மர ஏற்றுமதித் தீர்வை

உருசிய உருட்டு மர ஏற்றுமதித் தீர்வை என்பது, காட்டில் வெட்டப்பட்டு அறுக்கப்படாத நிலையில் நாட்டுக்கு வெளியே அனுப்பப்படும் மரத்தின் மீது உருசிய அரசு விதித்த சுங்க வரியாகும். 6.5 விழுக்காடாக இருந்த இத்தீர்வை 2007 ஆம் ஆண்டில் 20 விழுக்காடாகவும், 2008 ஆம் ஆண்டில் 25 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. இதனை 80 விழுக்காடாக உயர்த்தும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் உருசியா உலக வணிக அமைப்பில் சேர்ந்தபோது தீர்வை குறைக்கப்பட்டுப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. 2022 சனவரி 1 முதல் பதப்படுத்தப்படாத ஊசியிலை மரங்களையும் மதிப்புமிக்க அகலிலை மரங்களையும் ஏற்றுமதி செய்வதற்குப் பெருமளவு தடை விதிக்கப்பட்டது.

மூலப்பொருளை விற்பதற்கு மாறாக, அதனை உள்நாட்டில் பலகையாகவும் ஒட்டுப்பலகையாகவும் காகிதக் கூழாகவும் மாற்றி விற்க வேண்டும் என்பதே இத்தீர்வையின் நோக்கம். இதன் விளைவுகள் உருசியாவுடன் நிற்கவில்லை. பின்லாந்து, சீனா, சப்பான், நியூசிலாந்து ஆகிய நாடுகளின் ஆலைகளும் காடுகளும் இதனால் மாற்றம் கண்டன.

பின்னணி

உருசியக் காடுகளின் பரப்பு ஏறத்தாழ 80 கோடி எக்டேர் ஆகும். இது உலகக் காட்டுப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. இக்காடுகள் அரசுக்கு உரியவை. நிறுவனங்கள் குத்தகை பெற்று மரம் வெட்டுகின்றன. பைன், ஸ்புரூஸ், லார்ச் ஆகிய ஊசியிலை மரங்களும், பிர்ச், ஆஸ்பென் ஆகிய அகலிலை மரங்களும் இங்கு மிகுதியாக உள்ளன.

சோவியத் ஒன்றியம் 1991 ஆம் ஆண்டில் கலைந்த பின்னர் உள்நாட்டு மர ஆலைகள் பல நலிவுற்றன. மரம் வெட்டும் நிறுவனங்களுக்கு ஏற்றுமதியே எளிதான வருவாய் வழியாக அமைந்தது. மேற்குப் பகுதி மரம் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும், சைபீரியா மற்றும் தூரக் கிழக்குப் பகுதி மரம் சீனாவுக்கும் சப்பானுக்கும் சென்றன. சீனாவில் 1998 ஆம் ஆண்டு யாங்சி ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின்னர் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்டமையால், அந்நாட்டின் இறக்குமதித் தேவை விரைந்து கூடியது. 2006 ஆம் ஆண்டில் உருசியா சுமார் 5.1 கோடி கன மீட்டர் உருட்டு மரத்தை ஏற்றுமதி செய்தது. இது உலக உருட்டு மர வணிகத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் கூடுதலாகும்.

மரம் உருசியாவில் வெட்டப்பட, அதிலிருந்து கிடைக்கும் வேலைவாய்ப்பும் வருவாயும் எல்லைக்கு அப்பால் உருவாவதாக உருசியாவில் குறை கூறப்பட்டது. இதே காலத்தில் புதிய வனச் சட்டம் 2006 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2007 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதித் தீர்வை உயர்வு அதனை அடுத்து அறிவிக்கப்பட்டது.

தீர்வை வீதங்கள்

2007 பெப்ரவரியில் வெளியான அரசாணை, ஊசியிலை உருட்டு மரங்களுக்கான தீர்வையைப் படிப்படியாக உயர்த்த வகை செய்தது. ஒவ்வொரு படியிலும் விழுக்காட்டு வீதத்துடன், ஒரு கன மீட்டருக்கான குறைந்த அளவுத் தொகையும் குறிக்கப்பட்டது. இவ்விரண்டில் எது கூடுதலோ அதுவே செலுத்தப்பட வேண்டும்.

* 2007 சூலைக்கு முன்: 6.5%, குறைந்தது 4 யூரோ
* 2007 சூலை 1 முதல்: 20%, குறைந்தது 10 யூரோ
* 2008 ஏப்ரல் 1 முதல்: 25%, குறைந்தது 15 யூரோ
* 2009 சனவரி 1 முதல் (திட்டமிடப்பட்டது, நடைமுறைக்கு வரவில்லை): 80%, குறைந்தது 50 யூரோ

15 சென்டிமீட்டருக்குக் குறைந்த விட்டமுடைய பிர்ச் கூழ்மரத்துக்கு 2011 வரை விலக்கு அளிக்கப்பட்டது.

குறைந்த அளவுத் தொகை விலை மலிவான மரத்தையே மிகுதியாகப் பாதித்தது. எடுத்துக்காட்டாக, ஒரு கன மீட்டர் 100 யூரோ மதிப்புள்ள அறுவை மரத்துக்கு 25 விழுக்காட்டு வீதத்தில் 25 யூரோ தீர்வையாகும். ஆனால் 40 யூரோ மதிப்புள்ள கூழ்மரத்துக்கு 25 விழுக்காடு என்பது 10 யூரோ மட்டுமே என்பதால், குறைந்த அளவான 15 யூரோவைச் செலுத்த வேண்டும். இது அம்மரத்தின் மதிப்பில் 37.5 விழுக்காடாகும். திட்டமிடப்பட்ட 50 யூரோ நடைமுறைக்கு வந்திருந்தால், தீர்வை மரத்தின் விலையையே விஞ்சியிருக்கும். எனவே இறுதிப் படியைப் பெயரளவில் வரி என்றாலும், செயலளவில் தடை என்றே கொள்ள வேண்டும்.

செயற்படும் முறை

ஏற்றுமதித் தீர்வை ஒரு பொருளின் உள்நாட்டு விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் இடையே இடைவெளியை உண்டாக்குகிறது. தீர்வையின் சுமையை விற்பவரும் வாங்குபவரும் பகிர்ந்து கொள்கின்றனர். வாங்குபவருக்கு வேறு நாட்டு மரம் கிடைக்குமாயின் அவர் கூடுதல் விலை தர மாட்டார். அப்போது சுமை முழுவதும் விற்பவர் மீது விழும். விற்கும் நாடு சந்தையில் பெரும் பங்கு வகிக்குமாயின் உலக விலை ஓரளவு உயர்ந்து, சுமையின் ஒரு பகுதி வாங்குபவருக்கு மாறும். உருசியாவின் பங்கு பெரிதாக இருந்தமையால், தொடக்க ஆண்டுகளில் இவ்விரண்டும் நிகழ்ந்தன.

உள்நாட்டில் இதன் பயன் ஒரே சீராக அமைவதில்லை.

* மர அறுவை ஆலைகளும் கூழ் ஆலைகளும் மூலப்பொருளை மலிவாகப் பெறுவதால் பயனடைகின்றன.
* ஆலை எதுவுமின்றி மரம் வெட்டி விற்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இழப்படைகின்றன.
* அரசு தீர்வை வருவாயைப் பெறுகிறது. எனினும், தீர்வை மிக உயர்ந்தால் ஏற்றுமதியே நின்று அவ்வருவாயும் மறைகிறது.
* காட்டில் நிற்கும் மரத்தின் மதிப்பு குறைகிறது. அதனால் குத்தகையாகவும் மர விலையாகவும் காட்டின் உரிமையாளருக்குக் கிடைக்கக்கூடிய தொகை குறைகிறது.

இறுதியாகக் கூறப்பட்டதே காட்டின் எதிர்காலத்துடன் நேரடித் தொடர்புடையது. மறுநடவு, இளங்காட்டுப் பராமரிப்பு, தீத்தடுப்பு ஆகியவற்றுக்கான செலவு, வெட்டப்படும் மரத்தின் மதிப்பிலிருந்தே பெறப்பட வேண்டியுள்ளது.

உருசிய நிறுவனங்கள் மீதான விளைவுகள்

உருட்டு மர ஏற்றுமதி 2009 ஆம் ஆண்டில் சுமார் 2.2 கோடி கன மீட்டராகக் குறைந்தது. இது 2006 ஆம் ஆண்டு அளவில் பாதிக்கும் குறைவாகும். இச்சரிவு முழுவதையும் தீர்வையின் விளைவாகக் கொள்ள இயலாது. 2008 ஆம் ஆண்டு உலக நிதி நெருக்கடியால் கட்டடத் தொழிலும் காகிதத் தொழிலும் ஒருசேரச் சுருங்கின.

தீர்வை உயர்ந்த வேகத்துக்கு ஈடாக ஆலைகள் எழவில்லை. ஒரு கூழ் ஆலையைக் கட்டுவதற்குப் பெரும் முதலீடும் பல ஆண்டுகளும் தேவை. அதனுடன் மின்சாரம், தொடருந்துப் பாதை, காட்டுச் சாலைகள் ஆகியவையும் வேண்டும். தீர்வை எப்போது மாறும் என்பது தெரியாத நிலையில் முதலீட்டாளர்கள் தயங்கினர். எல்லையோரப் பகுதிகளில் பிர்ச், ஆஸ்பென் கூழ்மரத்துக்கு அருகில் வேறு கொள்வோர் இல்லை. ஊசியிலை மரத்துடன் கலந்து வளரும் இம்மரங்களை விற்க இயலாதபோது, வெட்டும் செலவை ஊசியிலை மரமே ஏற்க வேண்டியதாயிற்று.

சொந்த ஆலைகளைக் கொண்ட பெரிய நிறுவனங்களின் நிலை வேறாக இருந்தது. பிராத்சுக்கு, உசுத்து-இலிம்சுக்கு ஆகிய நகரங்களில் கூழ் ஆலைகளை நடத்தும் இலிம் குழுமத்தில் 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்டர்நேசனல் பேப்பர் நிறுவனம் பாதிப் பங்கை வாங்கியது. மேற்குப் பகுதியில் பின்லாந்து நிறுவனங்கள் சிலவும் அறுவை ஆலைகளையும் ஒட்டுப்பலகை ஆலைகளையும் இயக்கின. காலப்போக்கில் அறுத்த மர ஏற்றுமதி வளர்ந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி எளிய முறையில் அறுக்கப்பட்ட பலகையாகவே சீனாவுக்குச் சென்றது. அறைகலன், கதவு, தரைப்பலகை போன்ற இறுதிப் பொருட்களின் மதிப்பு எல்லைக்கு அப்பாலேயே சேர்ந்தது. உலராத ஈரப்பலகையை அனுப்புவதைக் குறைக்கும் பொருட்டு, ஈரப்பதம் 22 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அறுத்த மரத்தின் மீது 2021 சூலை 1 முதல் 10 விழுக்காட்டுத் தீர்வை விதிக்கப்பட்டமை இதனைக் காட்டுகிறது.

பின்லாந்து

தீர்வை உயர்வுக்கு முன்னர் பின்லாந்தின் மரத் தொழில் பயன்படுத்திய மரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உருசியாவிலிருந்து வந்தது. பிர்ச் கூழ்மரத்தில் இச்சார்பு மேலும் கூடுதலாக இருந்தது.

2007 அக்டோபரில் இசுடோரா என்சோ நிறுவனம் பல ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது. வட பின்லாந்தில் உள்ள கெமியார்வி நகரின் கூழ் ஆலை, அமினா நகரின் செய்தித்தாள் காகித ஆலை, சுவீடனில் உள்ள நோர்சுன்டெட் கூழ் ஆலை ஆகியவை அவற்றுள் அடங்கும். மரத்தின் விலை உயர்வும், உருசியத் தீர்வையால் எழுந்த ஐயப்பாடும் காரணங்களாகக் கூறப்பட்டன. காகிதத்தின் தேவை குறைந்து வந்தமையும் ஒரு காரணமாகும். சிறு நகரமான கெமியார்வியில் கூழ் ஆலையே முதன்மையான வேலை வழங்குநராக இருந்ததால், மூடலை எதிர்த்து மக்கள் இயக்கம் எழுந்தது. எனினும் ஆலை 2008 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. யுபிஎம் நிறுவனத்தின் கயானி காகித ஆலை 2008 இறுதியிலும், பொட்னியா நிறுவனத்தின் கசுக்கினன் கூழ் ஆலை 2009 ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன.

பின்லாந்தின் காடுகளில் பெரும்பகுதி தனிக் குடும்பங்களுக்குச் சொந்தமானது. உருசிய மரம் குறைந்ததால் 2007 ஆம் ஆண்டில் உள்நாட்டு மர விலை உயர்ந்து, காட்டு உரிமையாளர் பயனடைந்தனர். அவர்கள் கூடுதலாக மரம் விற்க முன்வரும் பொருட்டு, பின்லாந்து அரசு மர விற்பனை வருவாய்க்குத் தற்காலிக வரிச்சலுகை வழங்கியது.

80 விழுக்காட்டுத் தீர்வை குறித்துப் பின்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியமும் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தன. 2008 நவம்பரில் உருசியத் தலைமை அமைச்சர் விளாதிமிர் பூட்டின், பின்லாந்துத் தலைமை அமைச்சர் மத்தி வன்கனனைச் சந்தித்த பின்னர் தீர்வை உயர்வு ஒத்திவைக்கப்படும் என அறிவித்தார். மூடப்பட்ட ஆலைகளுக்கு இது காலம் கடந்த முடிவாக அமைந்தது.

கிழக்காசியாவும் பிற நாடுகளின் காடுகளும்

2007 ஆம் ஆண்டில் சீனா இறக்குமதி செய்த உருட்டு மரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உருசியாவிலிருந்து வந்தது. தீர்வை உயர்ந்த பின்னர் சீனக் கொள்வோர் நியூசிலாந்தின் ரேடியாட்டா பைன் தோட்ட மரத்துக்கும் வட அமெரிக்க மரத்துக்கும் மாறினர். 2013 ஆம் ஆண்டில் நியூசிலாந்து உருசியாவை முந்திச் சீனாவுக்கு மிகுதியாக உருட்டு மரம் வழங்கும் நாடாயிற்று.

சப்பானின் ஒட்டுப்பலகை ஆலைகள் உருசிய லார்ச் மரத்தைச் சார்ந்திருந்தன. அவை உள்நாட்டுச் சுகி மரத்துக்கு மாறின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடப்பட்டு, விலை கிடைக்காமல் நெருக்கமாக வளர்ந்திருந்த சுகித் தோட்டங்களைக் கலைத்து வெட்டுவதற்கு இது ஒரு வாய்ப்பாக அமைந்தது.

ஒரு நாட்டில் மரம் வெட்டுவது குறையும்போது, அத்தேவை வேறு நாட்டுக் காடுகளுக்கு இடம் பெயர்வதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன. அத்தேவையை ஏற்பது தோட்டக் காடா, இயற்கைக் காடா என்பதைப் பொறுத்தே உலக அளவிலான விளைவு அமையும்.

உருசியக் காடுகள் மீதான விளைவுகள்

ஏற்றுமதித் தீர்வை காட்டைக் காப்பதற்காக விதிக்கப்படவில்லை. ஏற்றுமதி குறைவதால் மரம் வெட்டுவது சில இடங்களில் குறையலாம். ஆனால் உள்நாட்டில் மலிவாகக் கிடைக்கும் மரத்தை ஆலைகள் சிக்கனமின்றிப் பயன்படுத்தவும் கூடும். ஒரு பலகைக்கு எவ்வளவு மரம் செலவாகிறது என்பது மரத்தின் விலையைப் பொறுத்ததாகும்.

தீர்வை உயரும்போது சட்டத்துக்குப் புறம்பான ஏற்றுமதியின் ஆதாயமும் உயர்கிறது. மர இனத்தை மாற்றிக் குறிப்பிடுதல், அளவையும் விலையையும் குறைத்துக் காட்டுதல், உருட்டு மரத்தை ஒப்புக்கு அறுத்து அறுத்த மரமாக அனுப்புதல் ஆகியவை இதற்கான வழிகளாகும்.

தூரக் கிழக்கில் உள்ள சிகோட்டே-அலின் மலைப்பகுதி இச்சிக்கல் மிகுந்த இடமாகும். இங்கு கொரியப் பைன், மங்கோலிய ஓக், மஞ்சூரிய ஆசு ஆகிய மரங்கள் வளர்கின்றன. பைன் விதைகளையும் ஓக் கொட்டைகளையும் காட்டுப்பன்றிகளும் மான்களும் உண்கின்றன. அவற்றை அமுர் புலி இரையாகக் கொள்கிறது. எனவே இம்மரங்களின் அழிவு புலியின் வாழிடத்தையும் குலைக்கிறது. உலக இயற்கை நிதியம் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, மங்கோலிய ஓக் மரம் அனுமதிக்கப்பட்ட அளவின் இரு மடங்குக்கும் மேல் வெட்டப்பட்ட ஆண்டுகள் இருந்ததைச் சுட்டியது.

இதனைத் தடுப்பதற்குத் தீர்வையை விடப் பிற வழிமுறைகளே முதன்மை பெற்றன. கொரியப் பைன் 2010 ஆம் ஆண்டிலும், மங்கோலிய ஓக், மஞ்சூரிய ஆசு ஆகியவை 2014 ஆம் ஆண்டிலும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மூன்றாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. இதன்படி ஏற்றுமதியின்போது சான்றிதழ் காட்ட வேண்டும். வாங்கும் நாடுகளின் சட்டங்களும் செயற்பட்டன. இப்பகுதியில் சட்டத்துக்குப் புறம்பாக வெட்டப்பட்ட ஓக் மரத்தால் சீனாவில் செய்யப்பட்ட தரைப்பலகையை இறக்குமதி செய்த வழக்கில், அமெரிக்காவின் லம்பர் லிக்விடேட்டர்சு நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு மேற்பட்ட தண்டத்தொகை விதிக்கப்பட்டது.

உலக வணிக அமைப்பும் தீர்வைக் குறைப்பும்

1947 ஆம் ஆண்டின் காட் உடன்படிக்கையின் 11 ஆம் பிரிவு, ஏற்றுமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் ஏற்றுமதித் தீர்வையை அது தடை செய்வதில்லை. இதனால் பல நாடுகள் தடைக்கு மாற்றாகத் தீர்வையைப் பயன்படுத்தியுள்ளன. புதிதாகச் சேரும் நாடுகளிடம் மட்டும், தீர்வைக்கு உச்சவரம்பு ஏற்குமாறு பிற உறுப்பு நாடுகள் பேச்சுவார்த்தையில் கோருவதுண்டு.

உருசியா 2012 ஆகத்து 22 அன்று உலக வணிக அமைப்பில் உறுப்பினரானது. அதன்படி, ஆண்டுதோறும் குறிக்கப்பட்ட பங்கீட்டு அளவுக்குள் ஸ்புரூஸ் மரத்துக்கு 13 விழுக்காடும், பைன் மரத்துக்கு 15 விழுக்காடும் தீர்வையாயின. பங்கீட்டுக்கு மேற்பட்ட மரத்துக்கு 80 விழுக்காடு விதிக்கப்பட்டது. ஆஸ்பென், பிர்ச் ஆகியவற்றின் தீர்வையும் குறைக்கப்பட்டது. ஆயினும் பின்லாந்தின் இறக்குமதி பழைய அளவுக்குத் திரும்பவில்லை. மூடப்பட்ட ஆலைகள் மீண்டும் திறக்கப்படாமையும், பங்கீட்டு உரிமம் பெறும் முறையின் சிக்கலும் இதற்குக் காரணங்களாயின.

தூரக் கிழக்கில் மாறான போக்கு நிலவியது. 2018 திசம்பரில் வெளியான அரசாணையின்படி, அங்கு பதப்படுத்தும் ஆலைகளை நடத்தி உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் 6.5 விழுக்காட்டுத் தீர்வை தொடர்ந்தது. பிறருக்கு அது 2019 இல் 40, 2020 இல் 60, 2021 இல் 80 விழுக்காடு என உயர்த்தப்பட்டது.

2022 ஆம் ஆண்டுத் தடையும் பின்னரும்

2020 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் பூட்டின், பதப்படுத்தப்படாத ஊசியிலை மரத்தையும் மதிப்புமிக்க அகலிலை மரத்தையும் 2022 சனவரி 1 முதல் ஏற்றுமதி செய்யக்கூடாது எனப் பணித்தார். சட்டத்துக்குப் புறம்பான ஏற்றுமதியைத் தடுப்பதும் இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஏற்றுமதிக்கு இரு தொடருந்து எல்லைக் கடவைகள் மட்டுமே விடப்பட்டன. அவற்றுள் ஒன்று பின்லாந்து எல்லையிலும் மற்றொன்று வட கொரிய எல்லையிலும் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரியில் உலக வணிக அமைப்பில் இதற்கு எதிராக முறையிட்டது.

2022 பெப்ரவரியில் உருசியா உக்ரைன் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து நிலைமை முற்றிலும் மாறியது. பின்லாந்து நிறுவனங்கள் உருசிய மரத்தை வாங்குவதை நிறுத்தின. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் உருசிய மர இறக்குமதிக்குத் தடை விதித்தது. உருசியாவில் ஆலைகளை நடத்தி வந்த இசுடோரா என்சோ, யுபிஎம் ஆகிய நிறுவனங்கள் அவற்றை விற்று வெளியேறின. தீர்வையின் துணையால் உள்நாட்டில் வளர்ந்த ஆலைகள், பலகைக்கும் ஒட்டுப்பலகைக்குமான ஐரோப்பியச் சந்தையை இழந்தன. பெரிய மர நிறுவனங்களுள் ஒன்றான செகேசா குழுமம் இக்காலத்தில் பெரும் இழப்பையும் கடன் சுமையையும் சந்தித்தது.

பிற நாடுகளில்

* இந்தோனேசியா: 1985 ஆம் ஆண்டில் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்து ஒட்டுப்பலகைத் தொழிலை வளர்த்தது. 1992 இல் தடை நீக்கப்பட்டு, அதே விளைவைத் தரும் மிகை வரி விதிக்கப்பட்டது. 1998 ஆம் ஆண்டில் பன்னாட்டு நாணய நிதியத்தின் கடன் நிபந்தனைப்படி வரி குறைக்கப்பட்டது. 2001 இல் தடை மீண்டது.
* கனடா: அமெரிக்காவுடனான மென்மர வணிகப் பிணக்கின் தீர்வாக, 1986 ஆம் ஆண்டில் அறுத்த மரத்துக்கு 15 விழுக்காட்டு ஏற்றுமதி வரியை ஏற்றது. 2006 ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, மர விலை குறையும்போது ஏற்றுமதிக் கட்டணம் உயரும் முறை 2015 வரை இருந்தது.
* அமெரிக்க ஐக்கிய நாடுகள்: ஏற்றுமதி வரியை அந்நாட்டு அரசியலமைப்பு தடை செய்கிறது. எனவே மேற்கு மாநிலங்களின் கூட்டரசுக் காடுகளில் வெட்டப்படும் உருட்டு மரத்தின் ஏற்றுமதி சட்டத்தின் மூலம் தடுக்கப்பட்டுள்ளது.
* மியான்மர்: 2014 ஏப்ரல் 1 முதல் தேக்கு உள்ளிட்ட உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது.

மதிப்பீடு

தீர்வையை ஆதரிப்போர், உருட்டு மர ஏற்றுமதி பாதிக்கும் மேல் குறைந்ததையும், அறுத்த மரம் மற்றும் ஒட்டுப்பலகை உற்பத்தி வளர்ந்ததையும் சுட்டுகின்றனர். எதிர்ப்போர், இவ்வளர்ச்சி மலிவான மூலப்பொருளைச் சார்ந்தது என்றும், அதன் விலையைச் சிறு மரவெட்டு நிறுவனங்களும் காடும் கொடுத்தன என்றும் கூறுகின்றனர். சாலை, மின்சாரம், நிலையான சட்டம் ஆகியவை இன்றித் தீர்வை மட்டும் ஆலைகளை உருவாக்குவதில்லை என்பதில் இரு தரப்பினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. காட்டைப் பொறுத்தவரை, எவ்வளவு மரம் எல்லையைக் கடக்கிறது என்பதை விட, எந்த மரம் எங்கே வெட்டப்படுகிறது, வெட்டிய இடத்தில் மீண்டும் காடு வளர்க்கப்படுகிறதா என்பனவே முதன்மையானவை. இவ்விரண்டையும் சுங்கச்சாவடியில் வசூலிக்கப்படும் வரியால் கட்டுப்படுத்த இயலாது.

இவற்றையும் பார்க்க

* ஏற்றுமதி வரி
* ஊசியிலைக் காடு
* அமுர் புலி
* சைட்டிஸ்
* உலக வணிக அமைப்பு
* காகிதக் கூழ்